சுற்றும் ஸ்டீயரிங்குக்குள் ஒயர் போகும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீயரிங்கில் ஹாரன் மட்டும் இருந்த காலம் போய்விட்டது. ஏர்பேக், பாட்டின் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பட்டன், போன் எடுக்க ஒன்று, குரூஸ் கன்ட்ரோல், சில வண்டிகளில் கியர் மாற்றும் பேடில், குளிர்நாட்டு வண்டிகளில் பிடியைச் சூடாக்கும் கம்பி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒயர் போக வேண்டும். போகிற இடமோ சுற்றுகிற இடம். அந்த ஒயர் எப்படிப் போகிறது, ஏன் அறுகிறது, கழற்றி மாட்டும்போது எங்கே கை தவறுகிறது என்று வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

சுற்றுகிற சக்கரத்துக்குள் போகும் ஒயர் ஏன் முறுக்கிக்கொள்வதில்லை?

ஸ்டீயரிங் முடிவில்லாமல் சுற்றுவதில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை திருப்பினால் பெரும்பாலான கார்களில் இரண்டரை முதல் நான்கு சுற்றுக்குள் முடிந்துவிடும். நேர்நிலையிலிருந்து கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகாலிலிருந்து இரண்டு சுற்று. மோட்டார் அச்சு மாதிரி ஒரே திசையில் ஓயாமல் ஓடுவதாக இருந்தால் அறுபடாத ஒயரை உள்ளே கொண்டுபோக வழியே இல்லை. எண்ணி நான்கு சுற்றுதான் என்னும்போது, அந்த நான்கு சுற்றுக்கு வேண்டிய உபரி நீளத்தை ஒரு டப்பாவுக்குள் சுருட்டி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்த டப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் பெயர் கிளாக் ஸ்பிரிங். கையேடுகளில் ஸ்பைரல் கேபிள் என்றும் இருக்கும். ஸ்டீயரிங்குக்கும் இண்டிகேட்டர் லீவருக்கும் நடுவில், ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வட்டமான பிளாஸ்டிக் பெட்டி அது. அடிப்பாதி தண்டின் உறையோடு திருகப்பட்டு அசையாமல் நிற்கும். மேல்பாதி ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும். இரண்டையும் இணைப்பது ஒரு நாடா ஒயர்: செம்புப் பட்டைகளை இரண்டு மெல்லிய பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவில் வைத்து ஒட்டியது. ஒரு பக்கம் திருப்பினால் நாடா உள்ளச்சைச் சுற்றி இறுகும். மறுபக்கம் திருப்பினால் தளர்ந்து வெளிச்சுவரோடு போய் ஒட்டும். சுருட்டிய பாயின் கட்டை அவிழ்த்தால் அது விரிவது போலத்தான். ஒயர் முறுக்கப்படுவதில்லை, வளைகிறது. தட்டையாக இருப்பதால் அந்த வளைவு அதற்குப் பெரிய சுமையில்லை.

முன்பெல்லாம் ஹாரனுக்கு செம்பு வளையம்தானே இருந்தது? அதையே வைத்திருக்கக் கூடாதா?

ஹாரனுக்கு அது போதும். பழைய வண்டிகளில் ஸ்டீயரிங்கின் பின்புறம் செம்பிலோ பித்தளையிலோ ஒரு வளையம் இருக்கும். கீழே இருந்து ஸ்பிரிங்கால் தள்ளப்பட்ட ஒரு முனை அதை உரசிக்கொண்டே நிற்கும். பட்டனை அழுத்தினால் அந்த வழி பாடிக்கு எர்த் ஆகி, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) இழுத்து, ஹாரன் ஒலிக்கும். ஒரே ஒரு ஒயர், அதிலும் ரிலேயின் சிறிய மின்னோட்டம் மட்டும். உரசுமிடத்தில் கொஞ்சம் அழுக்கோ களிம்போ படிந்தால் ஹாரன் ஒருமுறை திக்கும். இன்னொரு தரம் அழுத்தினால் சரியாகிவிடும்.

ஏர்பேக்குக்கு இன்னொரு தரம் என்ற பேச்சே கிடையாது. மோதலில் ஓட்டுநர் பக்கப் பை முழுதாக விரிய 30 முதல் 50 மில்லிசெகண்ட்தான் ஆகிறது. பையைத் தூண்டும் திரி போன்ற உறுப்பின் தடை ஏறத்தாழ 2 ஓம். அதை வெடிக்கவைக்க ஒரு ஆம்பியருக்குச் சற்று மேற்பட்ட மின்னோட்டம் ஓரிரு மில்லிசெகண்ட் தடங்கலின்றிப் போனால் போதும். மோதலின் அதிர்வில் உரசும் முனை வளையத்தை விட்டு எழும்பும் நேரமும் அந்த ஓரிரு மில்லிசெகண்டும் ஒன்றாக வந்துவிட்டால் பை விரியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி சும்மா காத்துக்கொண்டிருப்பதில்லை. திரி வெடிக்காத அளவுக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு, சுற்றின் தடை சரியாக இருக்கிறதா என்று வண்டி ஓடும் நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மொத்தமே 2 ஓம் என்ற சுற்றில் உரசும் முனையின் தடை அரை ஓம், ஒரு ஓம் என்று ஆடினால் எச்சரிக்கை விளக்கு நாள்தோறும் எரியும். 1980களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்-கிளாஸில் ஓட்டுநர் ஏர்பேக் வந்தது. பிறகு அது எல்லாக் கார்களுக்கும் பரவப் பரவ, உரசும் வளையம் ஒதுங்கி, சுருள் நாடா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹாரனும் அதே நாடாவில் ஒரு பட்டையாக ஏறிக்கொண்டது.

உள்ளே எவ்வளவு நீள ஒயர் இருக்கும்?

இது நாடாவை எப்படிச் சுருட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, கணக்குப் போட்டுப் பார்த்தால், நினைப்பதைவிடப் பெரியது.

முதல் வகை நேரான சுருள். உள்ளச்சின் ஆரம் 25 மி.மீ., வெளிச்சுவரின் ஆரம் 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாடா முழுவதும் உள்ளச்சில் இறுகியிருக்கும்போது நிறையச் சுற்றுகள் விழும். அதே நாடா வெளிச்சுவரில் ஒட்டி நிற்கும்போது சுற்றுகள் குறையும். இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அத்தனை சுற்றுதான் ஸ்டீயரிங் திரும்ப முடியும். மொத்தம் 5 சுற்று (ஸ்டீயரிங்கின் நான்கு சுற்றும் கொஞ்சம் கையிருப்பும்) வேண்டுமென்றால், நாடாவின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமலேயே, சுமார் 1.77 மீட்டர் நீளம் தேவைப்படும். அந்த நீளத்தில் பக்கத்துக்குப் பக்கம் பல பட்டைகள் ஓட வேண்டும்.

இரண்டாவது வகையில் ஒரு தந்திரம் இருக்கிறது. நாடா வெளிச்சுவரை ஒட்டி ஒரு திசையில் ஓடி, நடுவில் ஒரு சிறிய உருளையைச் சுற்றிக் கொண்டை ஊசி வளைவாகத் திரும்பி, உள்ளச்சை எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஸ்டீயரிங் திரும்பும்போது அந்த வளைவே வட்டத்தில் நகர்ந்து, வெளியிலிருந்து நாடாவை எடுத்து உள்ளே கொடுக்கிறது, அல்லது உள்ளே இருப்பதை வெளியே கொடுக்கிறது. திசை மாறிவிட்டதால் இங்கே உள்சுற்றுகளும் வெளிச்சுற்றுகளும் ஒன்றிலிருந்து ஒன்று கழிவதில்லை, ஒன்றோடொன்று கூடுகின்றன. அதே ஆரங்கள், அதே 5 சுற்று. இப்போது வேண்டிய நீளம் சுமார் 50 சென்டிமீட்டர்! ஏறக்குறைய மூன்றரை மடங்கு குறைவு.

செம்பு மிச்சம், எடை மிச்சம், மின்தடையும் குறைவு. ஆனால் நாடா ஓரிடத்தில் சிறிய ஆரத்தில் மடங்கித் திரும்புகிறது. உருளையைத் தாங்கும் வளையம் என்று நகரும் உறுப்பும் ஒன்று கூடுகிறது. ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் எந்த வகை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்: உள்ளே உருளைகள் பதித்த வளையம் இருந்தால் அது இரண்டாவது வகை.

இத்தனை பட்டன்களுக்கும் தனித்தனி ஒயரா?

இல்லை. பழைய வழி தடை ஏணி. ஒரே ஒயரில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு மதிப்புள்ள ரெசிஸ்டர். சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினால் ஒரு வோல்டேஜ், குறைக்கும் பட்டனுக்கு வேறொன்று. அந்த வோல்டேஜைப் பார்த்து எந்தப் பட்டன் என்று ஸ்டீரியோ புரிந்துகொள்கிறது. சத்தத்தைக் கூட்டப்போனால் பாட்டு மாறுகிறது என்ற விசித்திரமான புகாருக்கு மூலம் பெரும்பாலும் இங்கேதான்: பட்டனின் தொடுமுனையில் அழுக்கு சேர்ந்து தடை ஏறி, அடுத்த பட்டனின் மதிப்பைத் தொட்டுவிடுகிறது. கிளாக் ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் பட்டனைச் சுத்தம் செய்து பாருங்கள்.

புதிய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குள்ளேயே ஒரு சின்ன மின்னணுப் பலகை இருக்கும். எல்லாப் பட்டன்களையும் அதுவே படித்து, லின் எனப்படும் ஒற்றை ஒயர்த் தொடர்பில் செய்தியாக அனுப்பிவிடும். பட்டன் இருபது ஆனாலும் நாடாவில் ஒரு பட்டைதான். மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் இன்னும் இரண்டு. ஏர்பேக் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்கு எப்போதும் தனி வழி, இரண்டு கட்டமாக விரியும் பை என்றால் நான்கு ஒயர்.

பிடியைச் சூடாக்கும் ஸ்டீயரிங்குக்கும் இதே நாடாதானா?

இதே முறைதான், ஆனால் அகலமான பட்டைகள். பட்டன்களுக்குப் போவது மில்லிஆம்பியர். சூடாக்கும் கம்பிக்குப் போவது சில ஆம்பியர். அதனால்தான் சூடாகாத ஸ்டீயரிங்குக்கான கிளாக் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு சூடாகும் ஸ்டீயரிங்கை மாட்ட முடியாது, கனெக்டர் பொருந்தினாலும்கூட.

வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானே நேராவது இந்த ஸ்பிரிங்கால்தானா?

இல்லவே இல்லை. இதற்கு இழுக்கும் சக்தியே கிடையாது. ஸ்டீயரிங் தானே நேராவது, முன்சக்கரங்கள் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாலும் (கேஸ்டர் கோணம் என்பது இதுதான்), உள்நோக்கிச் சாய்ந்திருப்பதாலும். ஸ்டீயரிங் நேராக வரவில்லை என்று கிளாக் ஸ்பிரிங்கை மாற்றுவது வீண் செலவு.

கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிவது, ஹாரன் வேலை செய்யாதது, பட்டன்கள் செத்துப்போவது. மூன்றும் ஒன்றாக வந்தால் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மேல்தான் முதலில் விழ வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் பொதுவான இடம் அது ஒன்றே. ஹாரன் மட்டும் இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஹாரன் இவற்றை முதலில் பாருங்கள்.

ஆகத் துல்லியமான அடையாளம் கோணம். ஸ்டீயரிங்கை நேராக வைத்தால் ஹாரன் இல்லை, அரைச் சுற்று இடப்பக்கம் திருப்பினால் ஒலிக்கிறது என்றால் நாடாவில் ஒரு பட்டை விரிசல் விட்டிருக்கிறது. ஒரு வளைவில் முனைகள் தொடுகின்றன, இன்னொரு வளைவில் விலகுகின்றன. திருப்பும்போது தாள் கசங்குவது போன்ற சரசரப்போ, கடக் என்ற சத்தமோ ஸ்டீயரிங் உறைக்குள்ளிருந்து வந்தால் அதுவும் முன்னறிவிப்புதான். சாலையில் அல்ல, வண்டியை நிறுத்தி, மெதுவாகக் கோடிக்குக் கோடி திருப்பிக்கொண்டே ஹாரனை அழுத்திப் பாருங்கள்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் ஏர்பேக் இந்த வழியாகப் போவதில்லை. ஆனாலும் விளக்கு எரியும் வண்டியில் எந்தப் பையும் விரியும் என்று நம்பி ஓட்டாதீர்கள். குறை கண்டதும் முழு அமைப்பையும் நிறுத்திவைக்கும் வண்டிகள் உண்டு.

இது தானாகத் தேய்ந்து அறுகிறதா?

தேய்வது உண்டு. லட்சக்கணக்கான தடவை வளைந்த செம்பு ஒருநாள் சலிக்கத்தான் செய்யும். ஆனால் என் கணிப்பில், ஒர்க்‌ஷாப்புக்கு வரும் அறுந்த கிளாக் ஸ்பிரிங்குகளில் பெரும்பகுதி வயதால் அறுந்தவை அல்ல, கையால் அறுக்கப்பட்டவை. நடப்பது இதுதான். ஸ்டீயரிங் ரேக்கையோ (திருப்பலை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டு) சப்-ஃபிரேமையோ (அதைத் தாங்கும் அடிச்சட்டம்) இறக்குவதற்காகத் தண்டின் கீழ் இணைப்பைக் கழற்றுகிறார்கள். இப்போது ஸ்டீயரிங்கைத் தடுக்க எதுவும் இல்லை. யாரோ உள்ளே ஏறி உட்காரும்போது பிடித்துச் சுழற்றிவிடுகிறார். இரண்டு சுற்று கூடுதலாகப் போய்விடுகிறது. ரேக்கை மாட்டி, சக்கரங்களை நேராக்கி, ஸ்டீயரிங்கையும் நேராக்கி அனுப்புகிறார்கள். கண்ணுக்கு எல்லாம் சரி. முதல் யு-திருப்பத்தில் நாடா தன் எல்லையைத் தாண்டி இழுபட்டு அறுகிறது, அல்லது எதிர்ப்பக்கமாக மடிந்து நசுங்குகிறது.

புகாரோடு வருபவர் "ரேக் வேலைக்குப் பிறகுதான் ஏர்பேக் விளக்கு எரிகிறது" என்றால் வேறெதையும் தேட வேண்டாம்.

தயாரிப்பிலேயே குறை இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகெங்கும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, காரணங்களில் ஒன்று, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இந்த நாடா சேதமாகி ஓட்டுநர் ஏர்பேக் செயலிழக்கலாம் என்பது. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் சுமார் 4,20,000 கார்களை அழைத்தது. தூசும் துகளும் பெட்டிக்குள் நுழைந்து நாடாவைக் கிழிக்கக்கூடும் என்பது அங்கே காரணம். உள்ளே புகுந்த சிறு துகள்கூடப் பாலியெஸ்டர் தாளைக் கிழித்துவிடும் என்றால், பெட்டியைத் திறந்து எண்ணெய் விடும் பழக்கம் ஏன் கூடாது என்பது புரியும்.

மையம், மையம் என்கிறார்களே, அது என்ன?

முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது, நாடாவில் இரு பக்கத்துக்கும் சம அளவு உபரி இருக்க வேண்டும். அந்த நிலைதான் மையம். பெட்டி மொத்தம் 5 சுற்று தாங்கும், ஸ்டீயரிங் 4 சுற்று திரும்பும் என்றால், பக்கத்துக்கு அரைச் சுற்றுதான் கையிருப்பு. ஒரு முழுச் சுற்று தவறாக மாட்டினால் ஒரு பக்கம் கட்டாயம் அறுகும். ஸ்டீயரிங் நேராக இருப்பதும் கிளாக் ஸ்பிரிங் மையத்தில் இருப்பதும் ஒன்றல்ல. பெட்டி ஒரு சுற்று தள்ளி நின்றாலும் ஸ்டீயரிங் பார்க்க நேராகத்தான் இருக்கும். குழப்பமே இங்கேதான்.

புதிய கிளாக் ஸ்பிரிங் மையத்தில் பூட்டப்பட்டு வரும்: ஒரு பிளாஸ்டிக் முள், அல்லது ஒட்டுத்தாள், அல்லது ஸ்டீயரிங்கை மாட்டினால் தானே விடுபடும் பூட்டு. மாட்டி முடிக்கும் வரை அதை எடுக்கக் கூடாது. என்ன இது என்று எடுத்துச் சுற்றிப் பார்ப்பதுதான் பலர் முதலில் செய்வது!

பூட்டு போய்விட்டால் மையத்தை மறுபடி பிடிக்கலாம். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேல்பாதியை வலஞ்சுழியாக மெதுவாகத் திருப்புங்கள். கை லேசாகத் தடுக்கும் இடத்தில் நில்லுங்கள். இறுக்கிப் பார்க்க வேண்டாம். அங்கிருந்து எதிர்த்திசையில் மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் பாதியைத் திரும்பி வாருங்கள். மொத்தம் 5 என்றால் இரண்டரை. இப்போது பெட்டியின் மேலுள்ள அம்புக்குறிகளோ, சிறு ஜன்னலில் தெரியும் நிறக் குறியோ நேருக்கு நேர் வந்திருக்கும். வரவில்லை என்றால் எண்ணியதில் பிசகு. குறியை மட்டும் பார்த்து மாட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அம்புகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நேருக்கு நேர் வரும். எண்ணாமல் அம்பை நம்புவது பலனில்லை. சில மாடல்களில் ஜன்னலில் தெரியும் நிறம் மையத்தில் மட்டுமே வரும்படி அமைத்திருப்பார்கள், அங்கே நிறத்தை நம்பலாம்.

மாட்டும் நேரத்தில் முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நானே கழற்றி மாட்டலாமா?

ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால், அந்த மாடலின் கையேடு கையில் இல்லாமல் தொடாதீர்கள். கையேடு இருந்து, கை பழகியவர் என்றால் முடியாத வேலையில்லை. நட்டுகளைக் கழற்றுவதைவிட வரிசைதான் இங்கே முக்கியம்.

முதலில் சக்கரங்களை நேராக்கி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். உடனே ஏர்பேக்கில் கை வைக்கக் கூடாது. மோதலில் பேட்டரியே அறுந்துபோனாலும் பையை விரிக்கும்படி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை வடிய நேரம் கொடுக்க வேண்டும். கையேடுகள் ஒரு நிமிடம், மூன்று நிமிடம், இன்னும் அதிகம் என்று மாடலுக்கு மாடல் வேறுவேறாகச் சொல்லும். அந்த எண்ணுக்கு மேல் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

ஏர்பேக்கைக் கழற்றியதும் அதன் முகப்பு வானத்தைப் பார்க்கும்படி காலியான மேசையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால், ஏதோ காரணத்தால் அது விரியும்போது முழு உறுப்பும் மேலே பாயும். தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் முகப்பு உங்கள் உடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக் வழியைச் சேர்ந்தவை என்பதற்கான பொது அடையாளம். அவற்றுள் பலவற்றில், பிரித்தவுடன் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் ஒரு சின்னத் தகடு இருக்கும். நிலைமின்சாரம் திரிக்குள் போகாமல் காப்பது அதுதான். பேனாக்கத்தியால் நெம்பி அந்தத் தகட்டை வளைத்துவிடாதீர்கள்.

ஸ்டீயரிங்கைத் தண்டிலிருந்து எடுக்கும் முன், இருந்த இடத்தைத் தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் பெயின்ட் புள்ளியால் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டுவதற்குப் பதில் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) பயன்படுத்துங்கள். நடு நட்டைக் கையேடு சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவில்) இறுக்குங்கள். சில மாடல்களில் அந்த நட்டு அல்லது போல்ட் மறுமுறை பயன்படக் கூடாது. எல்லாம் மாட்டிய பிறகு, முதல் தடவை சாவி போடும்போது ஏர்பேக்கின் எதிரே உட்காராமல் ஜன்னல் வழியே கையை நீட்டித் திருப்புவது நல்ல பழக்கம்.

ரேக் வேலைக்காகத் தண்டைப் பிரிப்பவர்கள் இதெல்லாம் செய்யத் தேவையில்லை. ஸ்டீயரிங் சுழலாதபடி பூட்டிவிட்டாலோ, சீட் பெல்ட்டை ஸ்டீயரிங்குக்குள் நுழைத்துக் கட்டிவிட்டாலோ போதும். ஒரு நிமிட வேலை, ஒரு கிளாக் ஸ்பிரிங் மிச்சம்.

மல்டிமீட்டரால் சோதிக்கலாமா?

ஏர்பேக்கின் திரியை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் ஒருபோதும் தொடாதீர்கள். மீட்டர் விடும் மின்னோட்டம் சிறியதுதான், பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி வெடிக்கும் பொருளோடு விளையாடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

கிளாக் ஸ்பிரிங்கைச் சோதிக்கலாம், ஆனால் இரு முனைகளையும் கழற்றி, வண்டியிலிருந்து வெளியே எடுத்த பிறகு. ஒவ்வொரு பட்டையின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவில் மீட்டரை வைத்து, மேல்பாதியை மெல்லக் கோடிக்குக் கோடி திருப்புங்கள். அளவு ஆடாமல் ஒரு ஓமுக்கும் குறைவாகவே நிற்க வேண்டும். பிறகு பக்கத்துப் பட்டைகளுக்கு இடையே அளந்தால் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. பிரித்த கனெக்டருக்குள் முன்சொன்ன தகடு இருந்தால் ஏர்பேக் ஒயர்கள் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதாகக் காட்டும். அதைக் குறை என்று எண்ணிவிட வேண்டாம்.

அறுந்த நாடாவைச் சால்டர் வைத்து ஒட்டலாமா?

வேண்டாம். ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும். வளைய வேண்டிய நாடா அந்த விளிம்பில் மறுபடி முறியும். ஒருவேளை ஹாரன் வந்துவிடும். அதே பெட்டிக்குள் போகும் ஏர்பேக் வழிக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஏர்பேக் ஒயரில் 2 ஓம் ரெசிஸ்டர் வைத்து விளக்கை அணைத்துவிடலாம் என்கிறார்களே?

அணையும். பழுது தேடும்போது ஏர்பேக்குக்குப் பதிலாக அந்த ரெசிஸ்டரை வைத்துப் பார்ப்பது ஒர்க்‌ஷாப்பில் முறையான வழியே: அதை வைத்ததும் விளக்கு அணைந்தால் குறை ஏர்பேக்கில், அணையாவிட்டால் அதற்கு முந்தைய வழியில். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டிய பொருள் அது. அதையே நிரந்தரமாக வைத்து வண்டியைக் கொடுப்பது, அடுத்து வாங்குகிறவரின் உயிரை வைத்துச் செய்யும் மோசடி. பழைய வண்டி வாங்குபவர்கள் சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பார்ப்பார்கள். இந்தத் தில்லுமுல்லு அந்தச் சோதனையையும் தாண்டிவிடும் என்பதுதான் இதில் கொடுமை.

மாற்றிய பிறகு வேறு விளக்குகள் எரிகின்றன, ஏன்?

பல வண்டிகளில் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கோண சென்சாரும் கிளாக் ஸ்பிரிங்கோடு ஒட்டியே வரும். வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பு அந்தச் சென்சாரை நம்பித்தான் இருக்கிறது. உறுப்பை மாற்றினால் "நேர்" எது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சில வண்டிகள் கோடிக்குக் கோடி திருப்பி, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் தாமே கற்றுக்கொள்ளும். மற்றவற்றுக்கு, வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் வேண்டும்.

இன்னொரு சில்லறைச் சங்கதி. வளைவு முடிந்ததும் இண்டிகேட்டரை அணைக்கும் மேடு பல மாடல்களில் கிளாக் ஸ்பிரிங்கின் சுற்றும் பாதியிலேயே வார்க்கப்பட்டிருக்கும். புதியதை மாட்டிய பின் இண்டிகேட்டர் தானே அணையவில்லை என்றால், பெட்டி சரியாக உட்காரவில்லை அல்லது வேறு மாடலுக்கானது வந்துவிட்டது. வாங்கும்போது கனெக்டரின் வடிவத்தை மட்டும் பார்க்காமல், முனைகளின் எண்ணிக்கை, ஏர்பேக் ஒரு கட்டமா இரு கட்டமா, கோண சென்சார் உண்டா என்பதையும் ஒப்பிடுங்கள்.

ஸ்டீயரிங்கில் கூடுதலாகப் பட்டன் வைக்க ஒயர் இழுக்க முடியுமா?

தண்டைச் சுற்றித் தனி ஒயரைச் சுருட்டி விடும் யோசனையைக் கைவிடுங்கள். அது என்றாவது தண்டில் சிக்கும். சிக்கும் நேரம் திருப்பத்தில்தான் இருக்கும். ஒரே கிளாக் ஸ்பிரிங்கைப் பல வகை வண்டிகளுக்குப் பொதுவாகச் செய்வதால், அடிப்படை மாடல்களில் பயன்படாத பட்டைகள் சும்மா இருப்பது உண்டு. ஒயரிங் படத்தைப் பார்த்து அவற்றைப் பயன்படுத்தலாம், சில மில்லிஆம்பியருக்கு மட்டும். அதுவும் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் கம்பியில்லாப் பட்டன்தான் உத்தமம். ஏர்பேக் பட்டைகளுக்கு அருகே போக வேண்டாம்.

ஏர்பேக் இல்லாத ரேஸ் வண்டி, வீட்டு சிமுலேட்டர் ஆகியவற்றுக்கு?

இங்கே கட்டுப்பாடு தளர்கிறது. ரேஸ் ஸ்டீயரிங் மிகக் குறைந்த கோணத்துக்குள்ளேயே திரும்பும் என்றால், பழைய தொலைபேசிகளில் வரும் சுருள் ஒயர் ஒன்றே போதும். ஃபார்முலா 1 ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டும் இணைப்பிலேயே மின் முனைகளும் சேர்ந்து பொருந்திவிடும்.

சிமுலேட்டரில் 900 பாகை என்றால் இரண்டரைச் சுற்று. மென்பொருள் கட்டுப்படுத்தும்வரை சுருள் ஒயர் தாங்கும். ஆனால் ஸ்டீயரிங் நேரே மோட்டார் அச்சிலேயே பொருத்தப்பட்ட சிமுலேட்டர்களில், மின்சாரம் வந்த கணத்தில் மையம் தெரியாமல் சக்கரம் எத்தனை முறையும் சுழலக்கூடும். அங்கே உரசும் வளையமே சரியான தேர்வு. உயிர் போகும் விஷயம் இல்லை. ஒரு கணம் செய்தி தடைப்பட்டால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். ஹாரனுக்குப் போதுமாயிருந்த வழி இங்கேயும் போதும்.

ஸ்டீயரிங்கின் விளிம்பு மட்டும் சுற்றி, நடுப்பகுதி அசையாமல் இருக்கும்படி செய்ய முடியாதா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். 2004-ல் வந்த சிட்ரோயன் சி4 காரில் ஸ்டீயரிங்கின் நடுக்கட்டை அசையாது, விளிம்பு மட்டும் சுற்றும். ஏர்பேக்கும் பட்டன்களும் நடுக்கட்டையில் இருந்ததால் அவற்றின் ஒயர்கள் சுற்ற வேண்டியதே இல்லை. பை எப்போதும் ஒரே நிலையில் இருப்பதால் அதற்கு வட்டமல்லாத வடிவமும் கொடுக்க முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை, விளிம்பின் சுழற்சியைத் தண்டுக்குக் கடத்தும் கூடுதல் பல்சக்கர அமைப்பு. அழகான தீர்வுதான், ஆனால் மற்றவர்கள் அந்த வழியில் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா செய்யும் வேலைக்குப் பல்சக்கரம் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

தண்டே இல்லாமல் மின்சைகையால் திருப்பும் வண்டிகள் வந்தால் இது போய்விடுமா?

போகாது, சிறுக்கும். டெஸ்லா சைபர்டிரக்கில் ஸ்டீயரிங் கோடிக்குக் கோடி ஒரு முழுச் சுற்றுக்கும் குறைவாகவே திரும்புகிறது; வேகத்துக்கு ஏற்பச் சக்கரங்களை எவ்வளவு திருப்புவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. முன்பு போட்ட கணக்கில் 5 சுற்றுக்குப் பதில் ஒன்றே கால் சுற்று தாங்கினால் போதும் என்று வைத்தால், 1.77 மீட்டர் வேண்டியிருந்த நேரான சுருளுக்கு 45 சென்டிமீட்டரே போதும். அந்த நீளத்துக்குக் கொண்டை ஊசி வளைவோ, உருளையோ எதுவும் வேண்டாம்.